செல்வாம்பாள் மகனை ஏலம் விட்ட சாயங்காலம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் செல்வாம்பாள் கதையைச் சொல்வார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பெற்ற பிள்ளையை ஒரு ரூபாய்க்கு விற்றுவிட்டாள் என்கிறான் ஒருவன். போலீஸ்காரரே வந்து ஏலம் கேட்டார் என்கிறான் இன்னொருவன். மீன் வெட்டுகிற கத்தியால் கதவைப் பிளந்தாள் என்று ஒருத்தி கூட இருந்து பார்த்தவள் மாதிரி கையை வீசிக் காட்டுகிறாள். அத்தனையும் பொய். அன்றைக்கு அந்தக் கதவுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றவள் நான். என் பெயர் சின்னப்பாப்பா. பெயரில்தான் பாப்பா, கொள்ளுப் பேத்தி எடுத்தாகிவிட்டது. எழுத்து எனக்கு வராது. கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன. அதனால் நான் சொல்வதுதான் நடந்தது. இல்லை என்கிறவர்கள் நேரில் வரட்டும்.

செல்வாம்பாள் பிறந்தது வீராம்பட்டினத்தில். எங்கள் சந்துக்கு மருமகளாக வந்தபோது வாய் திறந்து பேச மாட்டாள் என்றால் இன்றைக்கு நம்புவீர்களா? அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பிய நாளெல்லாம் அவளுக்கு அடி விழும். அப்போதெல்லாம் சந்தில் பாதி வீட்டில் அதுதான் நடப்பு. மழை பெய்கிறது என்று சொல்வது போல 'அடிக்கிறான்' என்று சொல்லிவிட்டு அவரவர் உலையைப் பார்ப்போம். பிறகு அவன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். இவள் ஒரே பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

ஒரு நாள் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவருக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. மீன் வெயிலில் கிடக்கிறது. படகு முதலாளி, எங்கள் பேச்சில் போட்டுக்காரன், தலையில் அடித்துக்கொள்கிறான். இவள் போய் நின்று கூவினாள் பாருங்கள்! இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த குரல் அது. அவள் இங்கே 'வஞ்சிரம்' என்றால் முருங்கப்பாக்கத்தில் ஒருவன் பையை எடுப்பான். அன்றையிலிருந்து அவள்தான் ஏலக்காரி.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கூடையைத் தரையில் கவிழ்த்துத்தான் ஏலம் விடுவாள். மேலே பளபளப்பானதை அடுக்கி, அடியில் நசுங்கியதைத் தள்ளிவிடுகிற வேலை அவளிடம் நடக்காது. செவுளைப் பிளந்து காட்டுவாள். சிவப்பு என்றால் சிவப்பு, கறுப்பு என்றால் கறுப்பு. போட்டுக்காரர்கள் முறைப்பார்கள்.

"உன் மீனுக்கு நான் பொய் சொன்னா நாளைக்கி என் வாய்க்கி எவன்யா வருவான்?" என்பாள்.

மீனுக்குச் சொல்லாத பொய்யைப் பிள்ளைக்குச் சொன்னாள். அங்கேதான் கதை.

பிள்ளை பெயர் புருஷோத்தமன். ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. குடிக்க மாட்டான், பீடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். உழவர்கரையில் ஒரு தையல் கடையில் வேலை செய்த மெரினை விரும்பிக் கட்டிக்கொண்டான். பெண்ணுடைய அப்பா பிரகாசம் மாதாகோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். செல்வாம்பாளோ மருமகளை வாசலிலேயே கட்டிக்கொண்டாள்.

"தாலியும் கெடக்கட்டும், சிலுவையும் கெடக்கட்டும். ஒரு கழுத்து தாங்காதா?" என்றாள்.

ஆக, மெரினுக்குப் போக்கிடம் என்று இருந்தது அந்த ஒரு வீடுதான். அதை மறந்துவிடாதீர்கள்.

செல்வாம்பாள் விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய்விடுவாள். பிள்ளை விடிந்ததும் வேலை முடிந்து வீட்டுக்கு வருவான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கும். போனில் யாரிடம் பேசினாய், கடைக்குப் போக ஏன் இத்தனை நேரம், எதிர்வீட்டுக்காரன் எதற்குச் சிரித்தான். கேள்வி ஒன்று, அடி ஒன்று. அவன் குரல் உயராது. சுவரில் காதை ஒட்டினால்தான் கேள்வி கேட்கும், அடி விழுகிற சத்தம் ஒட்டாமலே கேட்கும். கொளுத்துகிற வெயிலில் அந்தப் பெண் முழுக்கை நைட்டி போட்டுக்கொண்டு துணி காயப்போட வரும்.

ஒரு முறை அவள் மணிக்கட்டு வீங்கிப்போய் மாவுக்கட்டுப் போட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்று அவன் சொன்னான். டாக்டரிடம் செல்வாம்பாளும் அதையே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நான் வழிமறித்தேன்.

"செல்வா, உன் வூட்ல வழுக்குறது தரை இல்லடி."

"இன்னாக்கா சொல்ற?"

"உன் புள்ள கைய சொல்றேன்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "அவன் அப்பன் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு ஒரு அடி அடிக்காம வளத்தவ நான். இன்னொரு தரம் இப்படிப் பேசுன, அக்கான்னு கூட பாக்க மாட்டேன்."

பேச்சு நின்றது. அவள் வீட்டிலிருந்து எனக்கு வருகிற மீனும் நின்றது. இரண்டு மாதம் ரசத்தையே குடித்தேன். நான் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

அப்போதுதான் அக்தர் பேகம் வந்தாள். எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்சம்மா. முதலில் தண்ணீர்த் தொட்டி மூடிகளைத் தூக்கிப் பார்ப்பாள்.

"ஆயா, வந்து பாருங்க. உங்க தொட்டில டெங்கு குடும்பம் நடத்துது!"

பிறகு என் வாசலில் நாற்காலி போட்டு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பிரஷர் பார்ப்பாள். மெரினுக்கு அப்போது மூன்றாம் மாதம். அவள் முறை வந்ததும் பேகம் என்னைப் பார்த்து, "ஆயா, ஒரு சொம்பு தண்ணி" என்றாள். என்னை நகர்த்துகிறாள் என்று தெரியாதா? போனேன். காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

"வூட்ல யாராச்சும் அடிக்கிறாங்களாம்மா? பயமுறுத்துறாங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"சரிம்மா. எல்லாரையும் இத கேக்குறேன், உன்ன மட்டும் இல்ல. அடுத்த மாசமும் கேப்பேன்."

நான் சொம்போடு வந்து நின்று கேட்டேன். "ஏன் சிஸ்டரு, இது போலீஸ் கேக்குற கேள்வி. ஊசி போடுற நீ ஏன் கேக்குற?"

"கை ஒடஞ்சா யாருகிட்ட ஆயா வராங்க? வயித்துல புள்ள தங்கலன்னா யாருகிட்ட? ராத்திரி தூக்கம் இல்லாம பைத்தியம் புடிச்ச மாதிரி ஆனா யாருகிட்ட? எல்லாம் எங்ககிட்டதான். அப்ப இதுவும் நோவுதான். நம்ம சந்துக்கு மட்டும் வந்தது இல்ல, உலகம் பூரா இருக்குது. மூணு பொம்பளைக்கி ஒருத்தி இதுல மாட்டுறான்னு சொல்றாங்க."

குழாயடியில் மூன்று பேராக நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவசரமாக நாலாவது ஆள் ஒருத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள்!

"அடி வாங்குறவள எண்ணிட்டாங்க, சரி. குடுக்குறவன் எத்தன பேருன்னு எண்ணுனாங்களா?" என்றேன்.

"அதுதான் ஆயா கஷ்டம். கேட்டா அத்தன பேரும் நல்லவனுங்க."

பேகம் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "கொசுவ அடிச்சா மட்டும் டெங்கு போயிடுமா? முட்டை வைக்கிற எடத்த பாக்கணும். அப்பன் அடிக்கிறத ஒரு புள்ள மூலையில நின்னு பாக்குது பாருங்க, இது அங்கதான் முட்டை வைக்குது."

பக்கத்து வாசலில் செல்வாம்பாள் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை வீசி ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கேட்டுவிட்டது.

போகும்போது பேகம் எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் உள்ளே போய்ப் புத்தி சொல்லாதீர்கள், சண்டைக்கும் நிற்காதீர்கள். கதவைத் தட்டி ஏதாவது கேளுங்கள், போதும். தட்டினால் ஓங்கின கை இறங்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே போன் செய்யுங்கள். தன் நம்பரை என் போனில் ஒரே பட்டனில் வைத்தும் கொடுத்தாள்.

அதைப் பிடித்துக்கொண்டோம் பாருங்கள்! காலையில் சுவரில் சத்தம் கேட்டால் நான் போய்க் கதவைத் தட்டுவேன். "மெரினு, கொஞ்சம் புளி குடும்மா." அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரி போய்க் கடுகு கேட்பாள். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி தீப்பெட்டி. என் வீட்டில் புளி சேர்ந்த சேர்த்தியில் ஒரு வருஷத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

புருஷோத்தமனே ஒரு நாள் கேட்டான். "இன்னா ஆயா, புளிக்கட வைக்கப் போறியா?"

"ஆமாண்டா. நீதான் மொதலாளி" என்றேன்.

அவன் மக்கு இல்லை. புரிந்துகொண்டான். கதவைத் தாழ் போட்டு, டிவியைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தான்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. போட்டுகள் கரையில் கட்டிக் கிடந்தன. ஏலம் கிடையாது. செல்வாம்பாள் முழு நேரமும் வீட்டில் இருந்தாள். சுவரும் சும்மா இருந்தது. மெரினுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. ஆளும் கொஞ்சம் தெளிந்தாள். செல்வாம்பாள் என்னைப் பார்த்து, 'பார்த்தாயா என் பிள்ளையை' என்கிற மாதிரி மூக்கை நிமிர்த்திக்கொண்டு போவாள். நானும் என் மூக்கை நிமிர்த்திக்கொள்வேன்.

தடைக்காலம் முடிந்தது. போட்டுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குக் கிளம்பிப் போயின. மறுநாள் விடியலில் முதல் போட்டு திரும்பும். சந்தே துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் வருமானம் இல்லாத பெண்கள் கூடையையும் அலுமினிய அன்னக்கூடையையும் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யார் போட்டு முதலில் வரும், வஞ்சிரம் வருமா சங்கரா வருமா என்று வாசலுக்கு வாசல் பேச்சு. செல்வாம்பாள் துறைமுகத்தில் தன் இடத்தைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் போனாள். புருஷோத்தமனுக்கு அன்றைக்கு விடுமுறை.

அவள் தலை சந்து முனையில் மறைந்தது. இங்கே டிவி அலறியது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "மெரினு, கருவேப்பில இருக்குதா?" மறுபடி தட்டினேன். "கருவேப்பில வேணாம், உப்பு குடு!" டிவிக்கு நடுவில் ஏதோ உருண்டது. போனை எடுத்து அந்தப் பட்டனை அமுக்கினேன். "சிஸ்டரு, சீக்கிரம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"போலீசுக்குச் சொல்லிட்டு வரேன் ஆயா, கதவ விட்டு நகராதீங்க" என்றாள்.

டீக்கடையில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கப்பா, கதவ ஒடைங்க" என்று கத்தினேன்.

வலைக்காரர் அம்மாவாசை கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னார். "புருஷன் பொண்டாட்டி விவகாரம் ஆயா. நாளைக்கி ரெண்டும் ஒண்ணா பீச்சுக்குப் போவும். நடுவுல பூந்தவன் மொகத்துலதான் கரி."

"உன் மொகத்துல இதுக்கு மேல கரி பூச எடம் இல்ல, வாய்யா!"

வரவில்லை. அந்த நேரம் பார்த்து செல்வாம்பாள் திரும்பி வந்தாள். கத்தியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாளாம், எடுக்க வந்தாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். இரும்புக் கதவு, உள்தாழ்.

"டேய் புருசு, தொறடா."

டிவிச் சத்தம் குறைந்தது. உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. நிதானமான குரல். "ஒண்ணும் இல்லம்மா. நீ ஹார்பருக்குப் போ. அப்பறம் பேசிக்கலாம்."

"அத்த..." என்று மெரின் குரல். அந்தச் சொல் முடிவதற்குள் ஒரு அடி. சதையில் விழுகிற அடி. பிறகு சத்தமே இல்லை.

செல்வாம்பாள் அந்தச் சத்தத்தை அறிவாள். எத்தனை வருஷம் தன் முதுகிலேயே கேட்ட சத்தம்! அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கதவு மூலையிலதான் அக்கா அவன் சின்ன வயசுல நிப்பான். அவங்கப்பன் என்ன அடிக்கையில."

"அழுவுறதுக்கு நேரம் இல்ல. எதாவது செய்டி!"

என்ன செய்வாள்? உடைக்க வலு இல்லை. ஆண்கள் வரவில்லை. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வாசலில் கிடந்த பெரிய மீன் டப்பாவைக் கவிழ்த்தாள். அதன் மேல் ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கூவினாள்.

"வாங்கம்மோவ்! வா வா வா! சரக்கு எறங்கிருச்சி! ஏலம் ஏலம் ஏலம்!"

ஐயோ, அந்தச் சந்து இருந்த இருப்பை என்னவென்று சொல்வேன்! இரண்டு மாதமாகக் கேட்காத குரல். முதல் போட்டுக்குக் காத்துக் கிடக்கிற பெண்கள். போட்டு முன்கூட்டியே வந்துவிட்டது, செல்வாம்பாள் சரக்கைச் சந்துக்கே கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். வாசலுக்கு வாசல் கூடை பறந்தது. அடுப்பை அணைக்காமல் வந்தவள் ஒருத்தி, தலையில் ஷாம்பு நுரையோடு வந்தவள் ஒருத்தி. அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து, சொல்தா வீட்டு மாடியில் குடியிருக்கிறவள்கூட இறங்கி ஓடிவந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் கட்டின வீடு அது, அந்தக் காலத்து ஏணிப்படி, அதில் அவள் மெதுவாக இறங்குவதே பெரிய விஷயம். 'எனக்கு முன்னாடி, எனக்கு முன்னாடி' என்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நிரம்பிவிட்டார்கள். சந்தில் கால் வைக்க இடமில்லை.

"எங்கக்கா மீனு?"

"வஞ்சிரமா? எவ்வளவுல கேக்கணும்?"

"மீன் இல்லடி. ஆம்பள!" என்றாள் செல்வாம்பாள்.

அன்னக்கூடைகள் ஒன்றோடொன்று மோதின சத்தம் நின்றது.

"இந்தக் கதவுக்கு அந்தாண்ட இருக்குது சரக்கு. வயசு இருபத்தொம்போது. என் வயித்துல பொறந்தது, நானே வளத்தது. குடிக்காது, சத்தம் போடாது. மேலாக்க பாத்தா பளபளன்னு இருக்கும். நானும் மேலாக்கதான் பாத்தேன். இப்ப செவுளப் பொளந்து காட்டுறேன், பாத்துக்குங்க. கறுத்துப் போச்சி. வயித்துப் புள்ளக்காரிய உள்ள வச்சிப் பூட்டி அடிக்குது. ஒளிக்க மாட்டேன். கூடையக் கவுத்துட்டேன். கேளுங்க! யாருக்கு வேணும்?"

ஷாம்பு நுரைக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சும்மா குடுத்தாக்கூட வேணாம்!"

"ஐஸு போட்டாலும் தாங்காதுக்கா!"

"கருவாட்டுக்கும் ஆவாது, நாத்தம் புடிச்சிரும்!"

"கோழித் தீவனத்துக்கு அனுப்பு!"

"ஐயய்ய, கோழி செத்துப் பூடும்!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே கதவை நோக்கி நெருங்கினார்கள். அன்னக்கூடையின் அடியைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள் ஒருத்தி. எல்லோரும் தட்டினார்கள். டிவி என்ன டிவி, வானமே இடிந்தது போல இருந்தது! டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மாவாசை கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு தரம்!" என்று செல்வாம்பாள் கூவினாள். கண்ணீர் அவள் தாடையில் ஓடியது. குரல் மட்டும் பிசகவில்லை. "ரெண்டு தரம்!"

தாழ் விலகியது. கதவு திறந்தது.

"அம்மா! என் மானத்த வாங்குறியே!" என்று அவன் நின்றான். சட்டை கசங்கவில்லை. தலைகூடக் கலையவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கைக்கு அடியில் நான் குனிந்து நுழைந்துவிட்டேன். எனக்குப் பின்னால் கூடையும் கையுமாக ஒரு படையே நுழைந்தது. அவனை யாரும் தொடவில்லை. சுவரோடு ஒதுக்கி, அன்னக்கூடைகளை முன்னால் பிடித்துக்கொண்டு வேலி மாதிரி நின்றார்கள். அவ்வளவுதான்.

மெரின் அடுப்படியில் கிடந்தாள். உதடு கிழிந்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தாள். "ஆயா, அசைய மாட்டேங்குது" என்றாள். "காலையிலருந்து உதைச்சிக்கிட்டே இருந்துச்சி. இப்ப அசைய மாட்டேங்குது."

சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. ஆட்டோவில் நான், செல்வாம்பாள், நடுவில் மெரின். சந்து முனையில் போலீஸ் வண்டி உள்ளே வந்தது, நாங்கள் வெளியே போனோம். வழியிலேயே நான் போனில் சொல்லிவிட்டதால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பேகம் ஸ்ட்ரெச்சரோடு நின்றாள்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மெரின் வயிற்றில் ஏதோ கருவியை வைத்துத் தேடினாள். கரகர என்றது. நகர்த்தினாள். கரகர என்றது. செல்வாம்பாள் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். டக்டக் டக்டக் டக்டக்! குதிரைவண்டி ஓடுகிற மாதிரி! அந்த அறையில் நான் போட்ட கூச்சலுக்கு என்னை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

"எப்படி ஆச்சு இது?" என்றாள் டாக்டரம்மா. கையில் பேனா.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். தெருவில் கூவியது ஒரு வேகம். இங்கே சொல்லும் சொல் போலீஸ் வரைக்கும் போகும். மெரின் மாமியாரையே பார்த்தாள். சொன்னால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமா? உழவர்கரையில் அப்பா வீட்டுக் கதவும் சாத்திக் கிடக்கிறதே.

அப்போது பார்த்துச் செல்வாம்பாள் போன் அடித்தது. பிள்ளைதான். மீன் கையோடு காதில் வைக்க மாட்டாள், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, என்ன ஸ்டேஷனுக்குக் கூப்புடுறாங்க. பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லும்மா. போன தரம் சொன்னியே, அதே மாதிரி. உனக்கு இருக்கிறது நான் ஒருத்தன்தானே?"

செல்வாம்பாள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் சொல்ல மாட்டேன்டா. அவளுக்கு வாய் இருக்குது. அவ இன்னா சொல்றாளோ அதுக்கு நான் சாட்சி." போனை அணைத்தாள். டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "போன தரம் கைக்கட்டுக்கு வந்தப்ப நான் பொய் சொன்னேன். அதையும் எழுதிக்கம்மா."

மெரின் தலையைத் தூக்கினாள். "அடிச்சாரு" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வயித்துல ஒதைச்சாரு. இது மொத தடவ இல்ல" என்றாள்.

பேகம் அவள் தலையைத் தடவினாள். "எங்கம்மா தங்குற? அரசாங்க இடம் இருக்குது, பாதுகாப்பா வச்சிக்குவாங்க. நீ சொல்றதுதான்."

மெரின் யோசித்தாள். "எங்க அத்த வூடு இருக்குது" என்றாள்.

"வூடு என் பேர்ல. போறதா இருந்தா அவன் போவட்டும்" என்றாள் செல்வாம்பாள்.

அப்படித்தான் ஆயிற்று. கேஸ் நடக்கிறது. மெரின் கூப்பிடாமல் அவன் அந்த வாசலுக்கு வரக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. ஐஸ் கம்பெனி அறையில் தங்கிக்கொண்டு, வாரா வாரம் ஆஸ்பத்திரியில் பேசிப் பேசி வைத்தியம் செய்கிற இடத்துக்குப் போகிறான். அடிக்கிற கைக்கும் வைத்தியம் உண்டாம். பேகம் சொல்கிறாள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போகட்டும்.

ஏலத்துக்கு மறுநாள் காலை துறைமுகத்தில் என்ன ஆகுமோ என்று பயந்தேன். பிள்ளையைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்று யாராவது வாயைத் திறப்பார்கள் அல்லவா? திறந்தார்கள். ஒரு போட்டுக்காரன், "இன்னா செல்வாம்பா, இன்னிக்கி எந்த ஆம்பளைய விக்கிற?" என்றான். "உன் பொண்டாட்டி சொல்லி அனுப்புனா உன்னையும் விப்பேன்" என்றாள். அவன் பொண்டாட்டிதான் முதலில் கை தட்டினாள். இப்போது சந்தில் யார் வீட்டிலாவது குரல் உயர்ந்தால் கூடைகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. இரண்டு வீட்டில் போய் நின்றாகிவிட்டது. அம்மாவாசை கூட ஒரு முறை தட்டோடு வந்து நின்றார். கரண்டியை மறந்துவிட்டார், அது வேறு விஷயம்.

ஐப்பசி மழையில் மெரினுக்குப் பெண் பிறந்தது. ஆஷ்லின் என்று பெயர் வைத்தாள். பேகம் தராசில் போட்டுப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்றாள். அந்த வாரமே ஒரு மத்தியானம் புருஷோத்தமன் சந்து முனையில் வந்து நின்றான். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

செல்வாம்பாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனாள். "வந்திருக்கான். கொழந்தைய காட்டுவியான்னு கேக்குறான்" என்றாள். 'கொஞ்சம் காட்டும்மா' என்று அவள் கண் கெஞ்சியது. எனக்குத் தெரிந்தது. வாயால் கெஞ்சவில்லை.

மெரின் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "இன்னிக்கி வேணாம் அத்த."

செல்வாம்பாள் மழைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பின்னே, விடுவேனா?

"இன்னிக்கி வேணாமாம்" என்றாள்.

"நீ சொல்லக் கூடாதாம்மா? உன் வூடுதானே?"

"வூடு என்னுது. புள்ள அவளது."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பையை நீட்டினான். "இதையாச்சும் வாங்கிக்கோ. கொழந்தைக்கி."

கை நீண்டது அவளுக்கு. பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இரு. அவள கேட்டுட்டு வரேன்."

திரும்ப அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு. மெரின் கொடியில் தொங்கின ஈரத் துணிகளைப் பார்த்தாள். எதுவும் காயவில்லை.

"துணி மட்டும் வாங்குங்க அத்த. மழைக்கி பத்தல."

அதற்கே செல்வாம்பாள் ஓடினாள் ஐயா! வயதுக்கு ஏற்ற ஓட்டமா அது? சேலை நனைய, செருப்பு ஒன்று பின்தங்க ஓடினாள். பையை வாங்கினாள். "வேற இன்னா சொன்னா?" என்று அவன் கேட்டான். "வேற ஒண்ணும் சொல்லல" என்றாள். அவன் பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தான். அவள் அவன் முதுகு மறையும் வரைக்கும் நின்றாள். நான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

புதுத் துணியை அப்படியே போடக் கூடாது என்று வெந்நீரில் அலசினோம். உள்ளங்கை அளவுச் சட்டைகள், மஞ்சளும் வெள்ளையும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மூன்று பேருமாகக் கொடியில் வரிசையாகப் போட்டு முடித்தோம். கடைசிக் கிளிப்பைப் போட்டேன், மழை கொட்டியது. "அத்த, துணி! ஆயா, துணி!" என்று மெரின் கத்தினாள். பிள்ளை விழித்துக்கொண்டு அலறியது. மூவரும் சிரித்துக்கொண்டே கொடிக்கு ஓடினோம்.